லுசேர்ன் மரப்பாலத்தை அண்ணாந்து பார்ப்பது எப்படி

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது சுவிசுக்கு வந்து இறங்கினால் மூன்றாம் நாள் என் தொலைபேசி அடிக்கும். "அக்கா, நாளைக்கு லுசேர்ன் வாறம். அந்தப் பாலத்தை ஒருக்கா காட்டிவிடுங்கோ." நான் இந்த ஊருக்கு வந்தது 1990 இல். அன்றிலிருந்து எத்தனை பேரைக் கூட்டிப் போனேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. இப்போது முழங்கால் பிடிக்கிறது, எல்லோருடனும் இறங்கி நடக்க முடியவில்லை. ஆகவே எழுதியே தந்துவிடுகிறேன். வாசித்துவிட்டு வாருங்கள். கோப்பி குடிக்கிற நேரத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டால் போதும்.

எங்கள் சனம் இந்தப் பாலத்தைப் பார்க்கிற விதம் எனக்கு மனப்பாடம். தூரத்தில் நின்று ஒரு படம், பாலத்து நடுவில் ஒரு செல்ஃபி, மற்றக் கரையில் சொக்கிலேற் கடை. பஸ்ஸில் கொண்டுவந்து கொட்டுகிற சுற்றுலாக்காரரும் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. ஒருமுறை என் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நின்றான். "மேல என்ன கீறியிருந்தது?" என்று கேட்டேன். "மேலயோ?" என்றான். திரும்பவும் அனுப்பினேன். இந்தப் பாலத்தின் சரக்கெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

எங்கள் அப்பா தச்சு வேலை செய்தவர். தென்மராட்சியில் பல வீட்டுக் கூரைகள் அவர் கைபட்டவை. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முகட்டைப் பார்த்தபடி நிற்பேன். எது வளை, எது தீராந்தி, எது கைமரம் என்று அவர் மேலே இருந்தபடியே கேட்பார். பிழையாகச் சொன்னால் இறங்கி வரும்வரை பேச்சில்லை. அந்தப் பழக்கம் இங்கே உதவியது. உங்களுக்கு அப்படி ஓர் அப்பா இல்லையென்றாலும் பரவாயில்லை, கீழே சொல்கிறபடி போங்கள்.

வருகிற வழி

சூரிச்சிலிருந்து ரெயினில் முக்கால் மணித்தியாலம் மட்டில். ரிக்கெற்றை முன்கூட்டியே கைத்தொலைபேசியில் எடுத்தால் மலிவாகக் கிடைக்கிற நாட்கள் உண்டு. கடைசி நிமிடத்தில் ஸ்டேசனில் எடுத்துவிட்டு என்னிடம் விலை சொல்லி அழவேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரோடு வந்தால் காசில்லை. தண்ணீர்ப் போத்தல் வாங்கவும் வேண்டாம். வெறும் போத்தல் ஒன்று கொண்டுவந்தால் ஊர் முழுக்கக் கல்தொட்டிகளில் குடிதண்ணீர் ஓடுகிறது, பிடிக்கலாம். பாலத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் திறந்துதான் இருக்கும்.

நாளையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். செவ்வாய் அல்லது சனி வாருங்கள். அந்த இரண்டு நாளும் காலையில் ஆற்றங்கரையில் சந்தை கூடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, பாலத்தில் மட்டும் சனம் தேர்த்திருவிழா மாதிரி. கோடையில் பத்து மணிக்குப் பிறகு வந்தால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். எட்டு மணிக்குள் பாலத்தில் நில்லுங்கள். அந்த நேரத்தில் பாலம் ஊராருடையது. வேலைக்கு ஓடுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாண் வாங்கிக்கொண்டு போகிற கிழவர்கள்.

ஸ்டேசனை விட்டு ஏரிப் பக்கம் வெளியே வந்தால், தனியே நிற்கிற பெரிய கல்வளைவு ஒன்று தெரியும். அது பழைய ஸ்டேசனின் வாசல். 1971 இல் ஸ்டேசன் எரிந்து போனது. வாசலைக் கொண்டுவந்து நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள். வந்ததும் நெருப்புக் கதையா என்று கேட்காதீர்கள், இன்னும் ஒன்று வரப்போகிறது.

நேரே மரப்பாலத்துக்கு ஓடவேண்டாம். முதலில், வாகனங்கள் போகிற பெரிய பாலத்தால், சேபுரூக்கே என்பார்கள், இடது பக்க நடைபாதையில் மற்றக் கரைக்குப் போங்கள். ஏரித் தண்ணீர் றொய்ஸ் ஆறாகிற இடம் அது. இடது கைப்பக்கம் பார்த்தால் மரப்பாலம் ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கிடக்காமல், கோணலாக, நடுவில் முறிந்து திரும்பிக் கிடப்பது தெரியும். ஆற்றைக் கடக்க மட்டும் கட்டியிருந்தால் இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியது ஊரின் காவலுக்கும் சேர்த்து. ஏரிப் பக்கத்தால் வருகிறவனைத் தடுக்கிற மதிலின் ஒரு துண்டு இது, ஆற்றுக்கு மேலே போட்ட மதில். படம் எடுக்கிறதென்றால் மற்றக் கரையை நெருங்கியதும் எடுங்கள். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், முகில் இல்லாவிட்டால் கோபுரத்துக்குப் பின்னால் பிலாத்துஸ் மலையும் சேர்ந்து விழும். அதோடு கைத்தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள்.

பாலத்துக்குள்

வட கரையில் சிறிய பழைய தேவாலயம் ஒன்று, புனித பேதுருவுக்கு உரியது. அதனால்தான் மரப்பாலத்துக்குக் கப்பெல்புரூக்கே என்று பெயர், எங்கள் தமிழில் சொன்னால் சிற்றாலயப் பாலம். அதன் பக்கத்தால் உள்ளே ஏறுங்கள். முதல் பத்து அடி சும்மா நடவுங்கள். கண் இருட்டுக்குப் பழக வேணும். காலடியில் பலகை ஒலிக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர் வெளிச்சம் கூரையின் உட்புறத்தில் நெளியும்.

இனி அண்ணாந்து பாருங்கள். குறுக்கே கிடக்கிற தீராந்திக்கும் முகட்டுக்கும் இடையில் ஒரு முக்கோணம் வரும் இல்லையா, எங்கள் ஊர் ஓட்டு வீட்டிலும் வரும், குருவி கூடு கட்டுகிற இடம். இவர்கள் அந்த முக்கோணத்தில் பலகை அடித்துப் படம் கீறியிருக்கிறார்கள். ஒன்றல்ல, பாலம் முழுக்க. 17ஆம் நூற்றாண்டின் வேலை. என்ன கதை எந்த ஒழுங்கில் வரவேணும் என்று திட்டம் போட்டவர் நகரத்து எழுத்தர் றென்வார்ட் சிசாற். தூரிகை பிடித்தவர் ஹான்ஸ் ஹைன்றிஹ் வேக்மன். தொடக்கத்தில் 158 படங்கள். பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரப் பலகை.

படத்துக்குக் கீழே பழைய டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பாட்டு மாதிரி இரண்டொரு வரி எழுதியிருக்கும். வாசிக்க முயல வேண்டாம். முப்பத்தைந்து வருஷ டொச்சை வைத்துக்கொண்டே நான் தடுமாறுகிறேன். அதற்குப் பதில் பொருட்களைத் தேடுங்கள். மரத்தில் துளை போடுகிற துறப்பணம் ஒன்று கண்ணில் பட்டால் அது லெயோடேகார் என்ற ஆயர். அவருடைய கண்களைத் துளைத்துக் குருடாக்கினார்கள் என்பது கதை. அதனால் படத்தில் துறப்பணம் அவருக்கு அடையாளமாகிவிட்டது, எங்கள் முருகனுக்கு வேல் மாதிரி. முதன்முதலில் அதைக் கண்டபோது 'இதென்ன, அப்பாவின் பெட்டியில் கிடந்த சாமான் இங்கே' என்று நின்றுவிட்டேன். கவசம் போட்ட போர்வீரர்கள் கூட்டமாக நின்றால் அது மொரீஸ் என்ற புனிதரின் பகுதி. எகிப்துப் பக்கமிருந்து வந்த உரோமப் படைத்தலைவர் என்று சொல்வார்கள். இந்த இரண்டு பேரும்தான் ஊரின் காவல் புனிதர்கள். மிச்சம் ஊர்க்கதை, நாட்டுக்கதை, சண்டைகள்.

தொடரில் ஓர் இராட்சதனும் உண்டு. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்தக் கதை கை கொடுக்கும். 1577 இல் றைடன் என்ற கிராமத்தில் மரம் சாய்ந்தபோது அடியில் பென்னம்பெரிய எலும்புகள் கிடைத்தன. பேசல் நகரத்துப் பேர்பெற்ற வைத்தியர் பீலிக்ஸ் பிளாற்றர் வந்து பார்த்து, இது மனித இராட்சதன்தான் என்று தீர்த்தார். ஊரே பெருமையோடு அவனைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. பிறகு பார்த்தால் அவை மாமூத் யானை எலும்புகள். படித்த மனிசரும் சறுக்குவார்கள் என்று என் பேரப்பிள்ளைக்குச் சொன்னேன். "அம்மம்மா, அப்ப ஏன் படத்தை அழிக்கேல்லை?" என்று கேட்டான். மறுமொழி என்னிடம் இல்லை.

நடந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் படங்கள் நின்றுவிடும். முக்கோணங்கள் வெறுமையாக, கைமரமும் முகடும் மட்டும் தெரியும். மரத்தின் நிறமும் மாறியிருக்கும். அங்கே நில்லுங்கள்.

1993 ஆகஸ்ட் 17 இரவு, விடிந்தால் 18. நான் தென் கரையில் ஒரு சின்ன அறையில் இருந்தேன். வேலை வட கரையில், ஒரு ஹொட்டல் சமையலறையில் கோப்பை கழுவுவது. விடிய ஐந்தரைக்கு இந்தப் பாலத்தால்தான் போவேன். அன்று போனால் பொலிஸ் கயிறு கட்டியிருந்தது. ஈரவிறகு புகைந்த மணம். பாலத்து நடுப்பகுதி இல்லை. கூரை போய், கரிந்த மரங்கள் மட்டும் குத்திக்கொண்டு நின்றன. நள்ளிரவுக்குப் பிறகு பிடித்த நெருப்பு. பாலத்தடியில் கட்டியிருந்த படகிலிருந்து ஏறியது என்று சொன்னார்கள். யாரோ எறிந்த சிகரெட் துண்டுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்பப்படுகிறது. கோபுரமும் இரண்டு கரையை ஒட்டிய பகுதிகளும்தான் தப்பின. என் பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுவிஸ் கிழவி அழுதுகொண்டு நின்றா. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு இருந்த இருப்பு எனக்கு அப்போது நினைவில் வந்தது. கிழவிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, மொழியும் அவ்வளவு இல்லை. கையைப் பிடித்தேன். பிறகு சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிந்திப் போனதற்கு அன்று யாரும் ஏசவில்லை.

நெருப்புக்கு முன்னம் 147 படங்கள் மிஞ்சியிருந்தன. பிறகு பொறுக்கி எடுத்தது 47 படங்களின் மிச்சங்கள். அதில் முழுதாகத் திருத்த முடிந்தது 30. பாலத்தை மட்டும் அவசரமாகக் கட்டினார்கள். 1994 ஏப்ரல் 14 திறந்துவிட்டார்கள், எட்டு மாதம் கூட ஆகவில்லை. ஆகவே 'ஐரோப்பாவின் பழமையான கூரைபோட்ட மரப்பாலங்களில் ஒன்று' என்று வழிகாட்டி சொல்லும்போது தலையாட்டுங்கள், ஆனால் நீங்கள் மிதிக்கிற இடம் உங்களைவிட இளையதாக இருக்கக்கூடும். எது பழையது, எது புதியது என்று மரத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பழைய மரம் கறுத்து, விளிம்பு மழுங்கி, வெட்டுவாயில் ஒழுங்கில்லாமல் இருக்கும். புதியதில் வாள் நேர்கோடாகப் போயிருக்கும். பிள்ளைகளிடம் இதை விளையாட்டாகக் கொடுத்தால் அரை மணித்தியாலம் தொல்லையில்லை.

தென் கரையை நெருங்கும்போது கல்லால் கட்டிய எட்டுப்பட்டைக் கோபுரம். பெயர் வாசர்ற்றூர்ம், சொல்லுக்குச் சொல் 'தண்ணீர்க் கோபுரம்'. எங்கள் மாமா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எத்தினை கலன் பிடிக்கும்?" என்று கேட்டார். தண்ணீர்த் தாங்கி இல்லை மாமா, தண்ணீருக்குள் நிற்கிற கோபுரம். 34 மீட்டருக்குச் சற்று மேல். 1300 ஆம் ஆண்டு மட்டில் கட்டியது, பாலத்துக்கு மூத்தது. ஊரின் பொக்கிஷம், பத்திரங்கள், கைதிகள், சித்திரவதை எல்லாம் இந்த ஒரே கோபுரத்தில் நடந்திருக்கிறது. உள்ளே போக விடமாட்டார்கள். பாலத்தோடு ஒட்டி ஒரு நினைவுப்பொருள் கடை இருக்கிறது. நான் அங்கே எதுவும் வாங்குவதில்லை, நீங்கள் உங்கள் விருப்பப்படி.

புகைக்கிறவர்கள் கரையிலேயே அணைத்துவிட்டு ஏறுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உமிப்பாலம்

இங்கேதான் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பவேண்டாம். தென் கரையில் இறங்கியதும் ஆறு ஓடுகிற திசையிலேயே, இயேசு சபைக் கோயிலின் வெள்ளை முகப்பைத் தாண்டி, பத்து நிமிடம் கரையோரமாகப் போங்கள். இரண்டாவது மரப்பாலம் வரும். ஸ்ப்ரொயர்புரூக்கே. ஸ்ப்ரொயர் என்கிற பாதி உமி. முன்பு இந்த இடத்தில் ஆலைகள் இருந்தன. உமியும் குப்பையும் ஆற்றில் கொட்டுவதென்றால் ஊருக்குக் கடைசியில் இருக்கிற இந்தப் பாலத்திலிருந்துதான் கொட்டலாம் என்று கட்டளை. மேலே கொட்டினால் ஊருக்குள்ளேதானே மிதந்து வரும். நான் உமிப்பாலம் என்றுதான் சொல்வது. என் பிள்ளைகள் டொச் நண்பர்களிடமும் அப்படியே சொல்லிப் பழக்கிவிட்டார்கள்.

1408 இல் முடித்த பாலம், 1566 வெள்ளத்தில் போய்த் திருப்பிக் கட்டியது. என்னைக் கேட்டால் முதலாவதைவிட இதுதான் வடிவு. சின்னது, இருண்டது, சனமும் குறைவு. படங்கள் எரியாமல் இருக்கின்றன. 67 இல் 45 மிச்சம். 1626 தொடக்கம் 1635 வரை கஸ்பார் மெக்லிங்கர் கீறியது. விஷயம் என்னவென்றால், சாவு. ஒவ்வொரு படத்திலும் எலும்புக்கூடு ஒன்று வந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறது. பாப்பரசர், அரசன், மணப்பெண், வியாபாரி, குழந்தை, யாருக்கும் விலக்கில்லை. பிறேதக் கதை என்று முகம் சுளிக்காதீர்கள். எலும்புக்கூடுகளின் முகத்தில் ஒரு பகிடி இருக்கிறது. எங்கள் யமன் எருமையில் வந்து பாசக்கயிறு வீசுவார். இவர்கள் நடனத்துக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கைநீட்டி மரியாதையோடு வருகிறார்கள்.

ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் கறுப்புச் சட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். அதிகமானவற்றில் படத்துக்குக் காசு கொடுத்தவரின் பெயர் இருக்கும். இடது பக்கம் புருஷனின் குலச்சின்னம், வலது பக்கம் பெண்சாதியின் சின்னம். கோயில் ரியூப்லைற்றில் 'உபயம்' என்று எழுதுவோமே, அதேதான். இன்னும் கேளுங்கள்: உபயகாரரின் முகத்தையே சில படங்களுக்குள் கீறியிருக்கிறார்கள். அதாவது, சாவு வந்து தன் கையைப் பிடித்து இழுக்கிற படத்துக்குத் தானே காசு கொடுத்து, ஊர் நடக்கிற பாதையில் மாட்டியிருக்கிறார். எங்களில் எத்தனை பேர் அந்த உபயத்துக்குக் கையெழுத்துப் போடுவோம்?

நடுவில் ஒரு சின்னப் பிரார்த்தனை மாடம் உண்டு. பாலத்தின் வளைவு திரும்புகிற இடம். எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், ஒடுக்கமான பாலம்.

அங்கிருந்து ஆற்றின் மேற்பக்கம் பார்த்தால் தண்ணீருக்குள் மரச்சட்டங்கள் வரிசையாக, சீப்புப் பல் மாதிரி, குத்தி நிற்பது தெரியும். பலர் ஏதோ உடைந்த பாலம் என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். அது ஊசி அணை, 1859–60 இல் கட்டியது. ஏரியின் மட்டத்தை ஆள்வது இந்த இடம். தண்ணீர் கூடினால் சட்டங்களை ஆட்கள் கையாலே ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள், குறைந்தால் திரும்பவும் குத்துவார்கள். வன்னிக் குளத்துத் துருசு திறக்கிறதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். பனி உருகுகிற மாதங்களில் வந்தால் சட்டங்கள் குறைந்து, தண்ணீர் வான் பாய்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பது கேட்காது. 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆறு தெருவுக்கு ஏறியபோது ஊரார் பார்த்துக்கொண்டு நின்றது இரண்டு மரப்பாலங்களையும்தான்.

மற்றக் கரையில் இறங்கினால் ஆலைச் சதுக்கம். அங்கிருந்து கரையோரமாக ஏரிப் பக்கம் திரும்பி வந்தால் நகர மண்டபத்துக்குக் கீழே கல்வளைவுகளுக்குள் சந்தை. மத்தியானத்துக்கு முன்னம் வந்துவிடுங்கள், பிறகு மூட்டை கட்டிவிடுவார்கள். பாற்கட்டி, ஆற்று ஏரி மீன், கோடையில் செரி. எங்கள் ஊர் மாதிரி விலை பேசக்கூடாது. மாமி ஒருத்தி பேசிப் பார்த்து, கடைக்காரி சிரித்துக்கொண்டு ஒரு பிடி செரி சும்மா போட்டுவிட்டா. அதையும் மாமி தன் வெற்றி என்றுதான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறா.

நான் அந்த வளைவுகளுக்குப் பக்கத்தில், மரப்பாலம் தெரிகிற ஒரு வாங்கில் இருப்பேன். பத்தரை மட்டில். வரும்போது துறப்பணம் எத்தனை படத்தில் கண்டீர்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். கேட்பேன்.